பனி போட்ட மலை

கரையில் மர்வா ஒருத்திதான் நின்றாள். தண்ணீரில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்பது போலிருந்தது.

ருமைசா முதலில் கம்ப்யூட்டர் திரையைத்தான் சந்தேகப்பட்டாள். துப்பட்டா நுனியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். மேலே சாம்பல் நிறத்தில் கூம்பு கூம்பாக மலைகள், கீழே பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், தண்ணீருக்குள் தலைகீழாக அதே மலைகள், நடுவில் ரோஜா நிற உடுப்பில் தங்கச்சி மர்வா. தலைகீழாகத் தெரிந்த அந்தத் தங்கச்சிக்குப் பக்கத்தில்தான் ஆள் உயரத்துக்கு ஒரு கருப்பு இருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் அகலம், தலை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டை. முகம் மட்டும் இல்லை. கரையில் அந்த இடத்தில் ஒரு செடிகூடக் கிடையாது.

பாறையில் ஊறிய ஈரக்கறையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் தொழில்காரி. படத்தில் வேண்டாததை அழிக்கத் தெரிந்தவள், இல்லாததை வரவழைக்கவும் தெரிந்தவள்.

பார்க்கிறவர்கள் காஷ்மீர் என்று நம்புகிற அந்த இடமே அவள் வரவழைத்ததுதான். அரியலூருக்குப் போகிற வழியில் சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் அது. பல வருட மழை நின்று ஏரியாகிவிட்டது. தோண்டும்போது ஒதுக்கிய மண்ணும் கல்லும் சுற்றிலும் மலை மலையாகக் கிடந்தன. நேரில் போய் நின்றால் சீமைக் கருவேல முள்ளும், இலையெல்லாம் படிந்த சிமெண்ட் தூசியும்தான் கண்ணில் படும். ஆனால் காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால், தரையோடு தரையாகக் குந்தி, கேமராவைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்தி வைத்தால், மலையும் அதன் பிம்பமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். அப்புறம் வீட்டுக்கு வந்து உச்சியில் கொஞ்சம் பனி போட்டால் வேலை முடிந்தது. லெப்பைக்குடிக்காட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்குகிற காஷ்மீர், ருமைசா போட்ட காஷ்மீர்தான். ஆண் போட்டோக்காரர் முன்னால் பெண்களை நிறுத்தப் பிடிக்காத வீடுகள் எல்லாம் அவளைத்தான் கூப்பிட்டன. காஷ்மீருக்கே போய் வந்தவர்கள்கூட அவள் படத்தைப் பார்த்து இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்தப் படம் மட்டும் வியாபாரம் இல்லை. மர்வாவுக்கு நிக்காஹ் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாப்பிள்ளை சஃப்வான் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. விடுமுறை தருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். குறித்த தேதியைத் தள்ளக் கூடாது என்று பெரியவர்கள் பிடிவாதமாக நின்றதால், அவனுக்குப் பதிலாக ஒருவரை வக்கீலாக உட்கார வைத்து, போனில் சம்மதம் கேட்டு நிக்காஹ் நடந்தது. தாலியாகக் கருகமணியை மாப்பிள்ளையின் அக்கா கட்டினாள். மர்வா தன் புருஷனைப் போனில் பார்த்ததோடு சரி, நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வி.களத்தூரில் இருக்கிற மாமியாருக்கோ ஒரே ஆசை: பெண்ணும் பிள்ளையும் ஜோடியாக நிற்கிற மாதிரி ஒரு படம் சுவரில் இருக்க வேண்டும்.

ருமைசாவின் கணவர் அஸ்லாமும் ஷார்ஜாவில்தான் இருந்தார். போனோடு குடித்தனம் நடத்துவது என்னவென்று அவளுக்குத் தெரியும். சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சிரிக்கிற தங்கச்சியைப் பார்த்தால் நெஞ்சு வலித்தது. அதனால்தான் தெருவில் கார் ஓட்டுகிற வைரக்கண்ணுவை வரச்சொல்லி, விடிகாலை சுபுஹு தொழுத கையோடு அவளை அங்கே அழைத்துப் போனாள். வைரக்கண்ணு தள்ளி மரத்தடியில் காரிலேயே இருந்துகொண்டார். தண்ணீர் குறுகலாக உள்ளே நுழைகிற இடத்தில் இந்தக் கரையில் ருமைசா குந்திக்கொள்ள, எதிர்க்கரையில் மர்வா பக்கத்தில் இடம் விட்டுத் தனியாக நின்றாள். யாரோ அங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு தலையைச் சாய்க்கச் சொன்னாள் ருமைசா. மர்வா வெட்கப்பட்டுச் சாய்த்தாள்.

இப்போது அந்த இடத்தில் சஃப்வானை வைக்க வேண்டும். அவன் அனுப்பியதில் ஒரே ஒரு படம்தான் தேறியது. கடைச் சட்டையில் நிற்கிறான். இடது பக்கப் பையின் மேல் கடைப் பெயரை இங்கிலீஷில் தைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே படமே இல்லை. அதனால் என்ன என்று, பெரம்பலூரில் போன வருஷம் எடுத்த வேறொரு மாப்பிள்ளையின் காலை வெட்டி ஒட்டினாள். சாம்பல் பேண்ட், தவிட்டு நிற ஷூ, இடது ஷூவின் நாடா அவிழ்ந்து தொங்கியது. சட்டையில் இருந்த கடைப் பெயரை அழித்தாள். ஆள் தயார்.

தண்ணீரில் அவனுக்குப் பிம்பம் வேண்டுமே. அவனையே தலைகீழாகத் திருப்பி, லேசாகக் கலைத்து, அந்தக் கருப்பின் மேல் வைத்தாள். வைத்ததும் கை நின்றுவிட்டது. தோளோடு தோள், தலையோடு தலை, இழுக்கவோ சுருக்கவோ தேவையில்லாமல் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. தண்ணீரில் வைத்தது பெயரை அழிப்பதற்கு முன்பிருந்த படம் என்பதை அப்புறம்தான் கவனித்தாள். தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கிற எழுத்தை எவர் படிக்கப்போகிறார்கள்? அப்படியே விட்டாள். மலைகளுக்குப் பனி போட்டாள். மூன்றாவது மலைக்குப் பொறுமை இல்லாமல் ஒரே பனித்திட்டை மூன்று இடத்தில் ஒட்டினாள்.

படத்தைப் பார்த்து மர்வா அழுதாள். வி.களத்தூர் மாமி பெரிய அளவில் போட்டுக் கூடத்தில் மாட்டினார். இங்கேயும் ஒன்று சட்டம் போட்டு நடையில் மாட்டினார்கள். ருமைசாவின் அம்மா ரஹ்மத், மருமகனை நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ருமைசாவுக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. காரணம் சொல்லத் தெரியவில்லை. நடை வழியாகப் போகும்போதெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. வெள்ளை அடித்த மறுநாள் வீட்டுக்குள் அடிக்குமே, அந்த வாடை. அம்மாவைக் கேட்டாள், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டத்தின் கீழே சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் குழாய் எதுவும் கிடையாது. படத்தை நேராகப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஓரக்கண்ணில் படும்போது, கரையில் நிற்கிற சஃப்வான் அப்படியே இருக்க, தண்ணீரில் இருப்பவன் மட்டும் மர்வாவை இன்னும் கொஞ்சம் நெருங்கிவிட்டது போலத் தோன்றியது. நேராகப் பார்த்தால் அப்படி இல்லை. அல்லது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்ததோ என்னவோ. தன் கையால் செய்த படத்தைத் தானே சந்தேகப்படுவது அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் கேமராவின் மெமரி கார்டை எடுத்து ஒரிஜினலைத் திறந்தாள்.

மலை இருந்தது. தண்ணீர் இருந்தது. மர்வாவும் தண்ணீரில் மர்வாவும் இருந்தார்கள். கருப்பு இல்லை.

கார்டில் இருந்த மற்றப் படங்களையும் பார்த்தாள். எதிலும் இல்லை. பாறையில் கறை என்றால் எங்கே போகும்?  அது படத்தைவிட்டு எங்கோ புறப்பட்டுப் போய்விட்டது என்றுதான் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. எழுந்து நடைக்குப் போனாள். சட்டத்தில் இருந்த படத்தின் மேல் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்திருந்தது. தண்ணீர்ப் பகுதி முழுக்கப் புகைமூட்டம். விரலால் துடைத்தாள். உள்ளே இருந்த ஆவி அசையவில்லை. மதியம் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே கழற்றியிருக்க வேண்டும்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து தெரு அடங்கிக் கிடந்த நேரம். கதவைத் தட்டிய சத்தம் கேட்டு, படத்தில் உடுத்திய அதே ரோஜா நிற உடுப்பில் மர்வா போய்த் திறந்தாள். பிறகு அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. அம்மாவும் ருமைசாவும் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார்கள்.

வாசலில் சஃப்வான் நின்றான்.

பெட்டி இல்லை, பை இல்லை. தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான், படத்தில் சிரித்த அதே சிரிப்பு. மர்வா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நல்லா இருக்கீங்களா மச்சான்?" என்றாள் ஒருவழியாக.

"நல்லா இருக்கீங்களா?" என்றான் அவன்.

அம்மாவுக்கு ஆனந்தத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லோரையும் திகைக்க வைக்கிறது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கமாயிற்றே. களத்தூரில் அம்மாவைப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். பார்த்தாயிற்று என்றான். பயணம் சுகமா என்றார். சுகம் என்றான். நெய்ச்சோறு இல்லாமல் மாப்பிள்ளைக்கு வெறும் சோறா போடுவது என்று அவர் தவிக்க, இருப்பதே போதும் என்று மர்வா இலையைப் போட்டாள். இந்த வீட்டில் ஓர் ஆண் உட்கார்ந்து சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ருமைசாவும் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவளுக்கு அந்த வாடை அடித்தது. நடையில் அல்ல, இப்போது கூடத்தில்.

அவன் சோற்றில் கை வைத்தான். இடது கை.

அம்மாவின் முகம் மாறியது. கையில் ஏதும் காயமா மாப்பிள்ளை என்று தணிந்த குரலில் கேட்டார். காயம் என்று சொல்லிவிட்டு அவன் இடது கையாலேயே பிசைந்தான். பிசைந்தானே ஒழிய ஒரு வாய்கூட உண்ணவில்லை என்பதை ருமைசா பார்த்தாள். மர்வா பார்க்கவில்லை. அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல பாத்த மாதிரியே இருக்காருல்லக்கா?" என்றாள் அடுப்படிக்கு வந்து, கிசுகிசுப்பாக.

போனில் பார்த்த மாதிரியேதான் இருந்தான். அவன் தன்னைத்தானே எடுத்து அனுப்பிய படங்கள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித்தான் வரும். தலை வகிடு எந்தப் பக்கம், மச்சம் எந்தப் பக்கம் என்று மர்வா பழகியதெல்லாம் அந்தப் படங்களில்தான். ருமைசா திருத்திச் சரிசெய்தவள். அவளுக்குச் சரியான பக்கம் தெரியும்.

குழம்புச் சட்டியோடு கூடத்துக்கு வந்தாள். சட்டையைப் பார்த்தாள். பை வலது பக்கம் இருந்தது. பையின் மேல் எழுத்து. கடைப் பெயர், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, பின்னாலிருந்து முன்னால் போயிற்று.

கரையில் நின்றவனிடம் அதை அவள் அழித்திருந்தாள். தண்ணீரில் நின்றவனிடம்தான் விட்டுவிட்டாள்.

சட்டியைக் கீழே வைத்தாள்.  வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவில் ஷூ ஜோடி ஒன்று. தவிட்டு நிறம். வலது ஷூவின் நாடா அவிழ்ந்து தொங்கியது. அதிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்து, படியில் வடிந்து, வடிந்த இடத்திலேயே உலர்ந்துகொண்டிருந்தது.

யாரோ ஒரு பெரம்பலூர் மாப்பிள்ளையின் ஷூ.

 ருமைசா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சஃப்வானின் துபாய் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் மர்வாவின் குரல் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி ருமைசா கேட்டதில்லை. நம்ம படம் எடுத்த இடத்துக்குப் போகலாமா மச்சான், நானே ஸ்கூட்டி ஓட்டுறேன் என்று கெஞ்சினாள். போகலாமா என்றான் அவன். அம்மா சிரித்தார். புருஷன் பொண்டாட்டி போகிறதை யார் தடுக்கப்போகிறார்கள்?

ருமைசா போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். வாசல் திறந்து கிடந்தது. ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பியது.

"சொல்லுங்கக்கா." போனில் சஃப்வான். பின்னால் பில் போடுகிற மெஷினின் சத்தம். "டியூட்டில இருக்கேன். மர்வா ஏன் போனையே எடுக்க மாட்டேங்குறா? லீவு அடுத்த மாசம் நிச்சயம்னு சொல்லலாம்னுதான் அவளக் கூப்பிட்டேன்."

ருமைசா வீட்டுக்குள் திரும்பினாள். நடையில் மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. கண்ணாடியில் ஆவி விலகியிருந்தது. கரையில் சஃப்வானும் மர்வாவும் சேர்ந்து நின்றார்கள். தண்ணீரில் மர்வா மட்டும் நின்றாள்.

வைரக்கண்ணு தூக்கத்திலிருந்து எழுந்து வந்து காரை எடுத்தார். எங்கே என்று கேட்டார், ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. ரோட்டில் தார்ப்பாய் போர்த்திய சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் ரோஜா நிறமோ, ஸ்கூட்டியோ தெரிகிறதா என்று தேடினாள். மர்வாவின் போன் அடித்தது, அடித்தது, பிறகு அடிக்கவே இல்லை. குழந்தையில் தன் இடுப்பைவிட்டு இறங்காத தங்கச்சி. பக்கத்தில் இடம் விட்டு நில்லு என்று சொன்னது யார்? நான்தானே, நான்தானே என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. முள்ளுச்செடி ஓரத்தில் ஸ்கூட்டி, சாவியோடு. மர்வா, மர்வா என்று கத்தினாள். மலைகள் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன.

வைரக்கண்ணு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடினார். ருமைசா அன்றைக்குக் கேமராவோடு குந்தியிருந்த அதே இடத்தில் அப்படியே குந்திவிட்டாள்.

எதிரே வைரக்கண்ணு குனிந்து எதையோ எடுத்தார்.

"இங்க யாருமே இல்லம்மா. பாப்பா செருப்பு மட்டுந்தான் கெடக்கு. தண்ணி வரைக்கும் ஒரே ஒரு ஆளு நடந்த தடம்தான் இருக்கு."

 ருமைசா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மலைகள் சாம்பல் நிறத்தில், முள்ளும் தூசியுமாக நின்றன. தண்ணீருக்குள் இருந்த மலைகளில் பனி இருந்தது. மூன்றாவது மலையில் ஒரே மாதிரித் திட்டு, மூன்று இடத்தில்.

கரையில் வைரக்கண்ணு தனியாகச் செருப்போடு நின்றார். தண்ணீரில் தலைகீழாக வைரக்கண்ணு நின்றார். அவர் பக்கத்தில் தவிட்டு நிற ஷூ. அதற்குப் பக்கத்தில் வெறும் பாதம். ரோஜா நிறம்.

மர்வா.

குளிரில் அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது. வாயிலிருந்து புகை வந்தது. அக்கா என்று வாய் அசைவது தெரிந்தது, சத்தம் இல்லை. அவள் தோளைச் சுற்றி ஒரு கை. இடது கை போலவும் வலது கை போலவும் இருந்தது. வைரக்கண்ணு தன் காலடியைக் குனிந்து பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. போலீசுக்குச் சொல்லலாமா என்று கத்திக் கேட்டார்.

ருமைசா தங்கச்சியை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டிய கையின் பிம்பம் அவள் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நீண்டது. அவள் குனிந்து பார்த்தாள்.

அவள் முகம். அவள் துப்பட்டா. பக்கத்தில், தோளை உரசிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு கருப்பு.

அதற்கு இன்னும் முகம் இல்லை.